அருவம் என்னும் சொல்: நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைத் தமிழில் விவரித்தல்

1. சிக்கல்

சிற்பி எஸ். நந்தகோபால் (1946–2017) குறித்து ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளவை பல. தமிழில் எழுதப்பட்டுள்ளவை மிகச் சில. சென்னையை அடுத்த சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் பல்லாண்டுகள் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து வந்த ஒருவரைப் பற்றி, அவரைச் சூழ்ந்து வழங்கிய மொழியில் விரிவாக எழுத முற்படுவோர் முதல் வரியிலேயே இடறுகின்றனர். ஆங்கிலக் கையேடுகள் அவர் படைப்புகளை 'அப்ஸ்ட்ராக்ட்' என்றோ 'செமி அப்ஸ்ட்ராக்ட்' என்றோ அறிமுகப்படுத்துகின்றன. தமிழாக்கம் செய்வோர் முன்னதை 'அருவச் சிற்பம்' என்றும் பின்னதை 'அரை அருவச் சிற்பம்' என்றும் பெயர்த்துவிடுகின்றனர். இவ்விரு தொடர்களும் நந்தகோபாலின் சிற்பங்களுக்குப் பொருந்தா என்பதும், பொருந்தாமைக்குக் காரணம் சொல்லைத் தேர்ந்த முறையிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கருத்து நூலகத்தில் தோன்றியதன்று. பெங்களூரில் நடைபெற்ற ஒரு கண்காட்சிக்கான கையேட்டைத் தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. மேற்சொன்ன 'அரை அருவம்' எனும் தொடரை அதில் எழுதியவர் இக்கட்டுரையாளரே. எனவே இங்குக் கூறப்படும் குறை பிறர்மேல் ஏற்றப்படுவதன்று. ஆஸ்டின் டவுன் பெங்களூரின் பழைய கண்டோன்மெண்ட்டைச் சார்ந்து, தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்று. இங்கு வீட்டுக்கு அருகில் இரும்புக் கதவும் சன்னல் கிரில்லும் செய்யும் ஒரு சிறு பட்டறை உண்டு. அதன் மேஸ்திரி தமிழ் நன்கு படிப்பவர். பற்றவைப்புத் தொடர்பான சில சொற்களைச் சரிபார்ப்பதற்காக அவரிடம் அச்சுப்படியைக் காட்டியபோது, நந்தகோபாலின் சிற்பப் படத்தையும் அதன் கீழிருந்த தமிழ்த் தொடரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இது: "உருவம் இல்லேன்னு போட்டிருக்கீங்களே சார், கண்ணு இருக்கு, ரெக்கை இருக்கு, கையில ஏதோ பிடிச்சிருக்கு. அப்புறம் எப்பிடி?"

அரை அருவம் என்றுதானே எழுதியுள்ளோம் எனச் சமாதானம் கூறப்பட்டது. "அப்ப எந்தப் பாதி இல்லே?" என்றார் அவர். விடை கூற இயலவில்லை.

2. நந்தகோபால்

வாழ்க்கைக் குறிப்பை விரிக்க இங்கு இடமில்லை. சொல்லாராய்ச்சிக்கு வேண்டிய அளவே தரப்படுகிறது. நந்தகோபால் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் (1911–1977) மகன். இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின் சென்னை அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியே அக்கல்லூரியாக வளர்ந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் 1957 முதல் 1967 வரை பணிக்கர் அதன் முதல்வராக இருந்தார். கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிய கலைஞர்கள் 1966இல் சோழமண்டலத்தை நிறுவினர். நந்தகோபால் இறுதிவரை அங்கேயே வாழ்ந்து பணியாற்றினார். இளம் வயதிலேயே லலித் கலா அகாதெமியின் தேசிய விருதைப் பெற்றார்.

மொழியியலாளர் கருதத்தக்க செய்தி ஒன்று தந்தையின் படைப்பில் உள்ளது. பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' எனும் ஓவிய வரிசையில் சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் எழுத்துப் போன்ற வரிகளும் நிறைந்திருக்கும். அவ்வரிகள் மலையாள எழுத்தை நினைவூட்டுவன. ஆயினும் படித்துப் பொருள் கொள்ளத்தக்கன அல்ல. எழுத்தின் தோற்றத்தை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் நீக்கிய முயற்சி அது. மகனின் சிற்பங்களில் இம்முறை தலைகீழாகிறது எனலாம். அங்குள்ள கண், இறகு, பாம்பு, திருவாசி போன்ற வளையம் முதலிய உறுப்புகள் ஒவ்வொன்றும் பொருள் உடையவை. பார்ப்பவர் எளிதில் அடையாளம் காணத்தக்கவை. அவை ஓர் உடலுக்குரிய இடங்களில் அமையாமல், ஒரு வரியில் எழுத்துகள் நிற்பதுபோல் அடுத்தடுத்து நிற்கின்றன. உறுப்புகள் உருவத்தை இழக்கவில்லை. உடலின் வரிசைமுறையே மாற்றப்பட்டுள்ளது. 'எந்தப் பாதி இல்லை' என்னும் வினாவுக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

நந்தகோபாலுக்கு முன்னோடி பி.வி. ஜானகிராம் (1930–1995). வார்ப்பு முறையை விடுத்துத் தகட்டைத் தட்டி உருவாக்கும் முறையை நவீன சிற்பத்துள் கொண்டுவந்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவருடைய செப்புத் தகட்டு உருவங்கள் பலவும் முன்புறம் மட்டும் முழுமை பெற்றவை. கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தோடு அவற்றை ஒப்பிட்டால் இது விளங்கும். கவசத்துக்குப் பின்னால் கல்திருமேனி இருக்கிறது; ஜானகிராமின் தகட்டுக்குப் பின்னால் வெற்றிடமே உள்ளது. நந்தகோபாலும் இதே மரபில் நின்று, செம்பு, பித்தளை, எஃகு ஆகியவற்றைச் சேர்த்துப் பற்றவைத்தும், சில இடங்களில் வெள்ளி முலாமும் எனாமலும் ஏற்றியும் முன்புறப் பார்வைக்குரிய நெடிய வடிவங்களைச் செய்தார். இவரைப் பற்றிய ஆங்கில எழுத்துகளில் 'ஃபிரண்டல்' எனும் அடைமொழி இடைவிடாது வருகின்றது. அதனை 'முன்னோக்கு' என்று பெயர்ப்பது தவறாகும். தமிழில் முன்னோக்கு என்பது எதிர்காலத்தை நோக்குவதைக் குறிக்கும். 'முகப்புச் சிற்பம்' என்பது தக்கது. வீட்டு முகப்பு, நூல் முகப்பு என நாம் வழங்கும்போது பின்னால் வேறொன்று உண்டு என்பதும் உணர்த்தப்படுகிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் பின்புறமும் முன்புறத்துக்கு நிகரான நேர்த்தியுடன் முடிக்கப்பட்டிருக்கும் என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்கவேண்டும். நவீன சென்னைச் சிற்பிகள் மரபைப் பின்பற்றினர் எனப் பொதுவாகக் கூறுவோர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

3. அருவம்

'அப்ஸ்ட்ராக்ட்' என்பதன் இலத்தீன் மூலம் 'பிரித்து இழுத்தெடுத்தல்' எனும் வினையைக் குறிப்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றை எடுப்பது அதன் அடிப்படைப் பொருள். ஆய்விதழ்களில் கட்டுரையின் முன்னே இடும் சுருக்கத்துக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். அவ்விடத்தில் எவரும் அதனை 'அருவம்' என்று பெயர்ப்பதில்லை, 'ஆய்வுச் சுருக்கம்' என்றே எழுதுகிறோம். கலைத்துறையில் மட்டும் 'அருவம்' வந்து அமர்ந்துகொண்டது. இது வடமொழி 'அரூப' என்பதன் தமிழ் வடிவம். உருவின் இன்மையைச் சுட்டும் எதிர்மறைச் சொல். மூலச்சொல் ஒரு செயலைக் கூற, பெயர்ப்புச்சொல் ஓர் இன்மையைக் கூறுகின்றது. இன்மை என்றவுடன் படிப்பவர் எது இல்லை எனத் தேடத் தொடங்குகிறார். மேஸ்திரியும் அதைத்தான் செய்தார்.

மொழியியலாளர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. தமிழ் நெடுங்கணக்கில் ககரம் ஓர் எழுத்து. 'கடல்' என்பதில் அது ஒலிப்பிலா ஒலி. 'தங்கம்' என்பதில் ஒலிப்புடையது. 'பகல்' என்பதில் உரசொலித் தன்மை பெறுகிறது. மூன்றிடத்தும் நாம் எழுதுவது ஒரே 'க'. அது இம்மூன்று ஒலிகளிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட ஒன்று. ஆகவே மூலச்சொல்லின் பொருளில் அது 'அப்ஸ்ட்ராக்ட்'. ஆனால் அதற்கு உருவம் இல்லை என்று எந்த இலக்கண ஆசிரியரும் கூறமாட்டார். பலகையில் எழுதிக் காட்டத்தக்க தெளிவான வரிவடிவம் அதற்கு உண்டு. நந்தகோபாலின் சிற்பத்தில் வரும் கண் இத்தகையது. குறிப்பிட்ட எவருடைய கண்ணும் அன்று. தேர்ச்சிற்பத்திலும் கவசத்திலும் கண்மலரிலும் நாம் கண்ட கண்களிலிருந்து எடுத்த ஒரு வடிவம். கோயிலில் வெள்ளியில் செய்து விற்கும் கண்மலரை அறிந்த தமிழ் வாசகர்க்கு இதனை விளக்க ஆங்கிலக் கலைச்சொல் எதுவும் தேவைப்படாது.

நம் இலக்கண மரபில் இதற்கு நெருங்கிய பாகுபாடு இல்லாமல் இல்லை. காட்சிப்பொருள், கருத்துப்பொருள் எனப் பொருளை இரண்டாக்குவது உரையாசிரியர் வழக்கு. தொல்காப்பிய உவமவியல் உவமைக்கு அடிப்படையாகக் கொள்ளும் நான்கனுள் மெய்யும் உருவும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. உரைகாரர் மெய்யை வடிவு என்றும் உருவை நிறம் என்றும் கொள்வர். அதாவது, 'உரு' என்ற சொல்லே வடிவத்தை மட்டும் என்றும் குறித்து வந்ததன்று. இன்று 'அருவம்' எனும்போது வடிவம் இல்லை என்கிறோமா, அடையாளம் இல்லை என்கிறோமா என்பது தெளிவாக இல்லை. வடிவம் இல்லாத உலோகச் சிற்பம் உலகில் இருக்க முடியாது. கிலோக் கணக்கில் எடையுள்ள ஒன்றை அருவம் என்று அழைப்பதில் உள்ள நகைப்பு நமக்குப் பழகிப்போய்விட்டது.

சைவ சித்தாந்தம் அருவம், அருவுருவம், உருவம் என மூன்று நிலைகளை வகுக்கும். இலிங்கம் அருவுருவத் திருமேனி. கையேட்டின் இரண்டாம் படியில் 'அரை அருவம்' என்பதை நீக்கி 'அருவுருவம்' என்று மாற்றியபோது, நல்ல சொல் கிடைத்துவிட்டது எனும் நிறைவு சில நாள் இருந்தது. பின்னர் அது குலைந்தது. அருவுருவம் என்பதில் முகமும் கையும் காலும் இல்லை; ஆயினும் கண்ணுக்குப் புலனாகும் வடிவம் உண்டு. நந்தகோபாலின் படைப்பிலோ முகம் இருக்கிறது, சில வேளை ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கிறது. சொல் அழகாக இருப்பதால் மட்டும் அது பொருந்திவிடாது.

அச்சொல் உண்மையிலேயே பொருந்தக்கூடிய சிற்பி பெங்களூரிலேயே வாழ்கிறார். கண்ணூர் மாவட்டத்துக் கண்ணபுரத்தில் 1937இல் பிறந்த பாலன் நம்பியார் அதே சென்னைக் கல்லூரியில் சிற்பம் பயின்றவர். தெய்யம் உள்ளிட்ட மேற்குக் கடற்கரைச் சடங்குக் கலைகளை நெடுங்காலம் ஆவணப்படுத்தியவர். வலம்புரிச் சங்கையும் கண்ணாடி பிம்பத்தையும் மூலமாகக் கொண்டு துருப்பிடிக்காத எஃகில் அவர் பல படைப்புகளைச் செய்துள்ளார். கேரளத்துப் பகவதி வழிபாட்டில் உலோகக் கண்ணாடியையே தெய்வமாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. நாராயண குரு 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிட்டை செய்ததும் இதனோடு நினைக்கத்தக்கது. கண்ணாடிக்கு வடிவம் உண்டு, முகம் இல்லை, முகம் காண்பவருடையது. மெருகேற்றிய எஃகில் அவ்வடிவத்தைச் செய்யும்போது அருவுருவம் எனும் சொல் வலிந்து பொருத்த வேண்டாமல் தானே வந்து பொருந்துகிறது. ஆங்கிலக் கையேடுகள் நந்தகோபாலுக்கும் நம்பியாருக்கும் ஒரே அடைமொழியைத் தருகின்றன. தமிழில் இருவேறு சொற்கள் தேவைப்படுகின்றன என்பது தமிழின் குறையன்று.

4. கல்வெட்டின் உரைநடை

தமிழில் உலோகச் சிற்பத்தை விவரிக்கும் உரைநடை மரபு இல்லை என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்தனவாகிய கல்வெட்டுகளைப் படித்தோர் அவ்வாறு கூறார். அரசனும் அரசியரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த திருமேனிகளை அவை ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலாக வார்த்ததா, பாதம் முதல் முடிவரை எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடத்தின் நீள அகலம் என்ன, பிரபையின் சுற்றளவு என்ன, எப்பகுதி எதனோடு சேர்த்துச் செய்யப்பட்டது என்பன அவற்றுள் இடம்பெறுகின்றன. புகழ்ச்சி மிகக் குறைவு. திருட்டுப்போகாமல் காப்பதற்கான கணக்கெழுத்து அது என்பது உண்மைதான். அழகியல் நோக்கம் அவற்றுக்கு இல்லை. ஆயினும் திருமேனியைக் கண்ணால் காணாதவரும் அவ்விவரணையைக் கொண்டு அதன் அமைப்பை மனத்தில் நிறுத்திக்கொள்ள இயலும். இன்றைய கையேடுகளில் 'உருவத்துக்கும் வெளிக்கும் இடையிலான ஊடாட்டம்' போன்ற தொடரைப் படிப்பவர் எதனை மனத்தில் நிறுத்திக்கொள்வார்?

சென்னைக் கலை இயக்கத்தின் சிந்தனை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உருவாயிற்று என்பதையும் கருதவேண்டும். 'ஆர்ட்ரெண்ட்ஸ்' இதழ் ஆங்கிலத்தில் வந்தது. ஜோசப் ஜேம்ஸ் போன்ற முதன்மையான திறனாய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதினர். அக்கலைஞர்களுள் சிலர் தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்குப் படம் வரைந்தனர், கே.எம். ஆதிமூலத்தின் கோடுகள் தமிழ் இலக்கிய வாசகர்க்கு நன்கு அறிமுகமானவை. ஓவியம் இவ்வழியே தமிழ் எழுத்துக்கு அருகில் வந்தது. இதழின் தாளில் அச்சிடத்தக்கதாக இருந்தமையே அதற்குக் காரணம். உலோகச் சிற்பத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. பிற்காலத்தில் இந்திரன், தேனுகா, சி. மோகன் முதலியோர் தமிழில் கலை குறித்துத் தொடர்ந்து எழுதியுள்ளனர். அவர்கள் உழைப்பால் ஓவியம் பற்றிப் பேசும் தமிழ் ஓரளவு நிலைபெற்றுவிட்டது. சிற்பம் பற்றிப் பேசும் தமிழ் அந்த அளவுக்கு நிலைபெறவில்லை.

5. பட்டறைச் சொல்லும் வினையெச்சமும்

மேஸ்திரியின் வினாவைவிட, அதன்பின் அவர் கூறியதே இக்கட்டுரைக்கு அதிகம் பயன்பட்டது. படத்தைச் சற்று நேரம் உற்று நோக்கியபின், கேட்கப்படாமலே அவர் அச்சிற்பத்தை விவரித்தார்: "மொதல்ல நடுத் தண்ட நிறுத்தியிருக்கணும். ரெக்கைய டேக் வெச்சு, தள்ளி நின்னு பாத்து, சரியாயிருந்தா ஃபுல் வெல்டிங் அடிச்சிருப்பாங்க. இந்தக் கம்பி வேலையெல்லாம் கடைசிதான். இதச் செஞ்சவரு ஒரே நாள்ல செய்யல."

டேக் வைப்பது என்பது பகுதிகள் பிரியாமல் நிற்கும்படி ஓரிரு புள்ளிகளில் மட்டும் தற்காலிகமாகப் பற்றவைத்தல். வேண்டாமெனில் தட்டி எடுத்துவிடலாம். நந்தகோபாலின் முறையைப் புரிந்துகொள்வதற்கு இது இன்றியமையாத சொல். மெழுகில் செய்து வார்க்கும் சிற்பி வடிவத்தை மெழுகிலேயே முடித்துவிடுகிறார். உலோகம் அதன்பின் வந்து நிரம்புகிறது. தகட்டில் பணிபுரியும் சிற்பியோ உலோகத்திலேயே ஐயுற்று, தள்ளி நின்று பார்த்து, மாற்றி வைக்கிறார். சுவாமிமலை ஸ்தபதிக்கும் சோழமண்டலச் சிற்பிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. மரபு, நவீனம் எனும் சொற்கள் அதனைக் காட்டுவதில்லை.

மேஸ்திரியின் கூற்றில் வந்த 'வெச்சு', 'நின்னு', 'பாத்து' ஆகியவை வினையெச்சங்கள். ஆங்கிலக் கலைத் திறனாய்வின் நடை பெயர்ச்சொற்களை அடுக்கிச் செல்வது. அதனை அப்படியே பின்பற்றும் தமிழ் -மை, -தல், -ஆக்கம் எனும் ஈறுகளால் நிரம்பி, 'உருவாக்கப்பட்டுள்ளது' என்று முடிகிறது. யார் எதை எதற்குப்பின் செய்தார் என்பது மறைந்துவிடுகிறது. தமிழ்த் தொடரில் வினையெச்சங்கள் காலமுறையில் அடுக்கி நிற்பது இயல்பு. நறுக்கி, வளைத்து, பற்றவைத்து, தேய்த்து என்னும் அடுக்கில் சிற்பம் செய்யப்பட்ட வரிசை படிப்பவர் முன் நிகழ்கிறது. பகுதிகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்யும் சிற்பத்துக்கு ஒட்டுநிலை மொழி ஏற்றது என்று கூறத் தோன்றும். அது சொல்லளவிலான ஒப்புமையே. அதை வளர்க்க வேண்டியதில்லை. வினையெச்சத்தை மிகுத்தால் திறனாய்வு சமையற் குறிப்பாகிவிடும் என்பதையும் இக்கட்டுரையாளர் தம் மூன்றாம் படியில் கண்டார்.

பட்டறையில் வழங்கும் சொற்களை அப்படியே ஏற்பதா, பழஞ்சொற்களை மீட்பதா என்பது மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள அடுத்த வினா. உலோகங்களைப் பற்றவைக்க இடையே இடும் பொருளுக்குப் 'பற்றாசு' என்னும் நல்ல தமிழ்ச்சொல் அகராதிகளில் உள்ளது. மேஸ்திரி அதனைக் கேட்டறியார். ஈயம் என்றோ ராடு என்றோதான் கூறுவார். பற்றாசு என்று எழுதினால் கையேட்டைப் படிக்கும் தமிழாசிரியர் மகிழ்வார், செய்பவர் விலகிப்போவார். வெல்டிங், டேக், கேஜ், கிரைண்டிங் ஆகியவை தமிழ்ப் பட்டறைகளில் தமிழுருபுகளை ஏற்று முழுமையாக வழங்குகின்றன. அவற்றை வைத்துக்கொள்வதே முறை என்பது நம் முடிவு. பற்றவைத்தல், தட்டுதல், நறுக்குதல் போன்ற வினைகள் தமிழில் உயிருடன் இருப்பதால் அவற்றுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. பெயர்கள் கடன், வினைகள் சொந்தம் என்ற இப்பாங்கு கடன்வாங்கல் பற்றிய ஆய்வுகளில் பரவலாகச் சுட்டப்படுவதுதான்.

இறுதிப் படியில் 'அருவம்', 'அரை அருவம்', 'அருவுருவம்' ஆகிய மூன்றும் நந்தகோபால் பகுதியிலிருந்து நீக்கப்பட்டன. அவ்விடத்தில் மூன்று வாக்கியங்கள் அமைந்தன: என்னென்ன உறுப்புகள் உள்ளன, அவை எவ்வரிசையில் நிற்கின்றன, எவ்வாறு சேர்க்கப்பட்டன என்பன. பக்கம் நீண்டது, பதிப்பித்தோர் முதலில் தயங்கிப் பின் ஒப்புக்கொண்டனர்.

தீராத ஒரு சொல் எஞ்சியது. செம்பின்மேல் காலப்போக்கிலோ அமிலத்தாலோ படியும் பச்சை நிறத்தை ஆங்கிலக் கலையெழுத்து 'பட்டினா' எனப் போற்றும். தமிழில் அதற்கு நேரான சொல் களிம்பு. ஆனால் சைவ சித்தாந்தத்தில் செம்பும் களிம்பும் உயிருக்கும் ஆணவத்துக்கும் உவமை. அடுக்களையில் அது புளியிட்டுத் தேய்த்து நீக்கப்பட வேண்டிய அழுக்கு. 'சிற்பி களிம்பை அழகுறப் பயன்படுத்தியுள்ளார்' என்ற வாக்கியத்தைப் படித்த மேஸ்திரி, நல்ல புளித்தண்ணி போதும், பளிச்சென்று ஆகிவிடும் என்றார். அவ்விடத்தில் இப்போது 'செம்பின் பச்சை' என்று இருக்கிறது.